மெட்டிலிருந்து சுரக்கூட்டுக்கு: ஏலமலை அடிவாரத்தில் ஓர் ஆர்மோனியம்

1. கேள்வி

விரலை வைத்தால் சுரம் பிசகாமல் வந்துவிடும் கருவிகளைச் செவ்வியல் மேடை பெரிதாக மதித்ததில்லை. வீணையில் தந்தியை இழுத்து வளைக்க வேண்டும். நாகசுரத்தில் சீவாளியை உதடும் மூச்சும் ஆள வேண்டும். ஆர்மோனியத்துக்கு அந்தப் பாடு கிடையாது. கட்டையை அழுத்தினால் சுரம், விட்டால் நிசப்தம். இந்த எளிமையே அதன் குறை என்று இருபதாம் நூற்றாண்டில் பெரியவர்கள் பலர் எழுதினார்கள். அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் வழியாகக் கோம்பைக்குப் போகும் பாதையில், மேற்கே ஏலமலையை ஒட்டியிருக்கும் பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பாட்டுக் குழு இந்தக் கருவியோடு ஊர் ஊராகப் புறப்பட்டது. குழுவை நடத்தியவர் பாவலர் வரதராஜன். உடன் போனவர்கள் அவர் தம்பிகள். அவர்களில் ஒருவர்தான் பின்னாளில் இளையராஜா.

எளிய கருவியின் எல்லை எப்படி விரிகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இளையராஜா விஷயத்தில் இதற்கு இரண்டு விடைகள் வழக்கத்தில் உள்ளன. பிறவி மேதை என்பது ஒன்று; சென்னைக்கு வந்து மேற்கத்திய இசை படித்தார் என்பது மற்றது. இரண்டுமே ஆர்மோனியம் என்ற பொருளையும், அது ஏறி இறங்கிய மலைப்பாதையையும் கணக்கில் எடுப்பதில்லை. அவற்றைக் கணக்கில் எடுத்தால் விடை வேறாகிறது என்பது என் வாதம்.

2. இன்னொரு மலையின் முன்னுதாரணம்

ஒப்பிடுவதற்கு ஒரு கருவி இருக்கிறது: அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில் வேரூன்றிய ஆட்டோஹார்ப். பெட்டி போன்ற உடலில் ஏறத்தாழ 36 தந்திகள். அவற்றின் குறுக்கே பட்டைகள். ஒரு பட்டையை அழுத்தினால் அதன் அடியில் ஒட்டியிருக்கும் கம்பளித் துண்டுகள் வேண்டாத தந்திகளை அமுக்கிவிடும். மீதித் தந்திகளை ஒருசேர மீட்டினால் ஒரு சுரக்கூட்டு கிடைக்கும். நம் மேடைக்காரர்கள் ‘கார்ட்ஸ்’ என்று சொல்வது இதைத்தான். பிலடெல்பியாவில் குடியேறிய ஜெர்மானியர் சார்லஸ் சிம்மர்மன் 1882-ல் இந்தப் பெயரில் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் வடிவத்துக்கு ஜெர்மனியின் கார்ல் ஆகஸ்ட் கூட்டரையே ஆய்வாளர்கள் மூலவராகக் கொள்கிறார்கள். இசை தெரியாதவரும் வீட்டிலிருந்தபடியே வாசிக்கலாம் என்று சொல்லி விற்ற கருவி அது.

மலைக்காரர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் கார்ட்டர் குடும்பத்தின் முதல் பாட்டுகள் பதிவானபோது, சாரா கார்ட்டர் ஆட்டோஹார்ப்பில் சுரக்கூட்டு மீட்டிப் பாட்டுக்கு அடித்தளம் கொடுத்தார். மேபெல் கார்ட்டர் பிற்பாடு கருவியை மார்போடு அணைத்து நின்று, அதில் மெட்டையே எடுத்து வாசித்தார். இடக்கைக்காரரான கில்பி ஸ்னோ சுரத்தோடு சுரத்தை இழுத்து இணைக்கும் முறையை உண்டாக்கிக்கொண்டார். இவரைப் போன்ற மலைவாசிகளின் வாசிப்பை மைக் சீகர் பதிவுசெய்தார். அது 1962-ல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தது. அடுத்த தலைமுறையில் பிரையன் பவர்ஸ் ஐந்து விரல்களையும் தனித்தனியே இயக்கி, மெட்டும் துணைச்சுரமும் தாளமும் ஒரே கருவியில் கேட்கும்படி செய்தார்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது பயணத்தின் திசையை. ஆட்டோஹார்ப் பிறக்கும்போதே சுரக்கூட்டுக் கருவி. மெட்டு அதற்குப் பின்னால் வந்தது. தமிழ்நாட்டு ஆர்மோனியத்தின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது.

3. விலக்கப்பட்ட பெட்டி

ஆர்மோனியம் 1840-ல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபென் காப்புரிமை பெற்ற கருவி. இந்தியாவுக்கு வந்தபின் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷின் துவார்கின் நிறுவனம் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி மாற்றியது. காலால் மிதித்த துருத்தி பின்பக்கத்துக்கு வந்து இடக்கை வேலையாயிற்று. இந்த மாற்றத்தால் சுரக்கட்டைகளுக்கு வலக்கை ஒன்றே மிஞ்சியது. இரண்டு கையாலும் சுரங்களை அடுக்கி வாசிப்பதற்காகப் பிறந்த கருவி, இங்கே ஒரு கையால் ஒரு மெட்டைத் தொடரும் கருவியாயிற்று.

தமிழகத்தில் அதற்கு வாழ்வு கொடுத்தது நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடக மரபில், இன்றும் மதுரை வட்டாரத்தில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர், பின்பாட்டும் அவருடையது. அந்த மேடையைப் பற்றி விரிவாக ஆய்ந்த சூசன் சைசர் (2005), கலைஞர்கள் சுமக்கும் சமூக இழிவை மையமாக வைத்து எழுதினார். கருவிக்கும் அந்த இழிவில் பங்குண்டு என்று நான் சேர்த்துக்கொள்வேன். நாடகப் பெட்டி என்றே கச்சேரி ரசிகர்கள் அதை ஒதுக்கினார்கள்.

இழிவு, ஆணையாகவும் வந்தது. 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. வானொலியில் மேற்கத்திய இசைப் பொறுப்பிலிருந்த ஜான் ஃபோல்ட்ஸ் அந்தக் கருவியை எதிர்த்து எழுதியிருந்தார். ஆனந்த குமாரசுவாமிக்கும் தாகூருக்கும் அது பிடிக்காத கருவி. கமகம் வராது, நுண்சுருதி வராது, அந்நியப் பொருள் என்பவை குற்றச்சாட்டுகள். தடை 1971-ல்தான் தளர்ந்தது. மாட் ராஹைம் 2011-ல் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தை மறுவாசிப்பு செய்கிறது. ஒலியைப் பற்றியது போலத் தோன்றிய வாதத்துக்குள் இந்தியத்தன்மை எது என்ற அரசியல் ஒளிந்திருந்ததை அவர் காட்டுகிறார். எனக்கு அந்த வாசிப்பில் பெருமளவு உடன்பாடு. ஆனால் எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒன்றை ஒத்துக்கொண்டே வாதாடினார்கள் என்பதை ராஹைமுக்கு மேல் ஒரு படி போய்ச் சொல்ல வேண்டும். ஆர்மோனியத்தின் வேலை குரலின் நிழலாகப் போவது என்பதில் இரு தரப்பும் ஒன்றே. நிழல் சரியாக விழுகிறதா என்பது மட்டுமே சண்டை.

கர்நாடக மேடையும் அந்தக் கருவியை முழுதாக விட்டுவிடவில்லை. சுருதிப்பெட்டி என்பது கட்டைகளைக் கழற்றிய ஆர்மோனியம்தான். ‘ஐந்தரைக் கட்டை’ என்று பாடகர் தன் சுருதியைச் சொல்வதும் ஆர்மோனியக் கட்டைகளின் வரிசையை வைத்தே. நீடித்து நிற்கும் ஒலியைச் செவ்வியல் மேடை வைத்துக்கொண்டது. அசையும் கட்டைகளை நாடகக்காரருக்கும் தெருப்பாடகருக்கும் விட்டது. அந்த இரண்டையும் மறுபடி ஒரே பெட்டியில் சேர்த்தவர்களைத் தேடித்தான் மலையடிவாரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

4. மலைக்குப் போன பாட்டு

ஏலமலை அடிவார ஊர்களின் பிழைப்பு நெடுங்காலமாக மலையோடு கட்டுண்டது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் குரங்கணிப் பக்கம் இறங்கி போடிக்கு வந்த காலம் உண்டு. ஏலக்காய் வியாபாரம் இன்றும் போடியில் ஏலம் விடப்பட்டு நடக்கிறது. போடியிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை, பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு தோட்ட வேலைக்கு மலை ஏறுகின்றன. பாவலரின் தந்தை ராமசாமியும் எஸ்டேட்டில் கங்காணி வேலை பார்த்தவர்.

1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அடுத்த ஆண்டு கேரளத்தில் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்தது. தேவிகுளத்தில் அந்தக் கட்சி சார்பில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. மிகச் சிறிய பெரும்பான்மையோடு நின்ற அரசுக்கு அந்த ஓர் இடம் முக்கியமானது. போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, தேயிலைத் தோட்டங்களுக்குள் பாவலர் பாட்டுப் பிரசாரம் செய்தது அந்தத் தேர்தலில்தான். எதிர்க்கட்சியின் இரட்டைக்காளைச் சின்னத்தைக் கேலிசெய்த அவருடைய பாட்டு, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள்தோறும் பரவியது. ரோசம்மா வென்றார். முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு வெற்றியின் பெருமையைப் பாவலருக்கே தந்தார் என்று குடும்பத்தாரும் தோழர்களும் சொல்லிவந்திருக்கிறார்கள்.

இந்தக் கூற்றை அப்படியே ஏற்கத் தயக்கம் உண்டு. தோட்டங்களில் தொழிற்சங்கம் செய்திருந்த அடித்தள வேலையைப் பாட்டு ஒன்று ஈடுசெய்துவிடாது. தவிர, குழுவைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இளையராஜாவும் அவர் தம்பி கங்கை அமரனும் புகழ் பெற்ற பிறகு சொன்ன நினைவுகள். வெற்றியின் வெளிச்சம் விழுந்த நினைவுகளில் தற்செயல்கள்கூட விதிபோலத் தெரியும். ஆயினும் பாடிய சூழல் குறித்து அந்த நினைவுகள் ஒன்றையொன்று வெட்டவில்லை. சிறு குழு. ஊர் ஊராக நடக்கும் கட்சிக் கூட்டம். தெம்மாங்கு மெட்டும் பிரபலமான சினிமா மெட்டும் எடுத்து, அன்றைய அரசியலை அதில் ஏற்றிப் பாடும் முறை. சிறுவன் ராஜா முதலில் பெண்குரலில் பாடிக் கைதட்டு வாங்கியதும், குரல் உடைந்தபின் ஆர்மோனியத்துக்கு மாறியதும் அவரே பல மேடைகளில் சொன்னவை. அண்ணன் அந்தப் பெட்டியைத் தொடவிடமாட்டார். அவர் இல்லாத நேரத்தில் தானாகவே பழகிக்கொண்டார் என்பதும் அவர் வாய்மொழிதான்.

குருவில்லாமல் பழகியது இங்கே முக்கியம். குரு இருந்திருந்தால் முதல் பாடமே ‘குரலின் பின்னால் போ’ என்பதாக இருந்திருக்கும்.

5. வலக்கையின் ஐந்து விரல்கள்

அந்தக் கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இடக்கை துருத்தியை அசைக்கிறது. உள்ளே காற்று நிறைகிறது. வலக்கை விரல் ஒரு கட்டையை அழுத்தியதும் அதற்குரிய துளை திறந்து, பித்தளை நாக்கின் வழியாகக் காற்று பாய்கிறது, நாக்கு அதிர்கிறது. விரலை எடுக்கும்வரை, காற்றுள்ளவரை, அந்தச் சுரம் தேயாமல் நிற்கும். வீணையில் மீட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்குகிறது, இங்கே அப்படியில்லை. ஆகவே பெருவிரல் சட்ஜத்தில் ஊன்றி நிற்க, மற்ற விரல்கள் மெட்டில் ஓடலாம். சுண்டுவிரல் பஞ்சமத்தைப் பிடித்துக்கொள்ள, நடுவிரல் அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடையில் போய்வரலாம். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் ச-க-ப மீது ஒருசேர இறங்கினால் ஒரு முழுச் சுரக்கூட்டு எழும். ஒரு கைதான், ஆனால் அதற்குள் மூன்று குரல்களுக்கு இடமிருக்கிறது.

கச்சேரியில் இதற்குத் தேவை எழாது. வயலின் இருக்கிறது, தம்புரா இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது. மூன்று நான்கு பேர் மட்டும் தோட்டத்துக்குப் போகும் குழுவில் நிலைமை வேறு. சுருதி, முன்னிசை, சரணங்களுக்கு நடுவே இட்டு நிரப்பும் இசை, பாடுகிறவர் மூச்சு வாங்கும் நேரம் என எல்லாவற்றையும் அந்த ஒரு பெட்டிதான் சுமக்க வேண்டும். மலைக்காற்றும் தன் பங்குக்கு வேலை செய்யும். பனியும் சாரலும் உள்ள இடத்தில் தபலாவின் தோல் தளர்ந்துவிடும். சூடுகாட்டி இறுக்க வேண்டும். தந்திக்கருவியின் சுருதி இறங்கும். ஆர்மோனியத்தில் மரம் ஊறிக் கட்டை ஒட்டிக்கொண்டு தொல்லை தருவதுண்டு, ஆனால் பித்தளை நாக்கின் சுருதி எளிதில் கலையாது. திறந்த வெளியில், ஈரமான மலைச்சரிவில், நம்பி நிற்கக்கூடிய சுருதி அந்தப் பெட்டியிடம் இருந்தது.

என் வாசிப்பு இதுதான்: இத்தகைய மேடையில் ஆர்மோனியம் குரலுக்குப் பின்னால் போவதிலிருந்து குரலுக்குக் கீழே நிற்பதற்கு நகர்கிறது. கீழே நிற்கும் கருவிக்குக் கமகம் வேண்டியதில்லை. வளைவும் குழைவும் குரலிடம் இருக்கட்டும். பெட்டி அசையாத தளமாக இருந்தால் குரல் இன்னும் துணிந்து வளையும். 1940-ன் தடைக்குச் சொன்ன காரணங்கள் இந்த இடத்தில் பொருளிழக்கின்றன. வானொலி நிலையங்களுக்குள் ஆர்மோனியம் நுழைய முடியாத அதே 1958-ல், தேவிகுளத்துச் சரிவுகளில் அது இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதை நான் தற்செயலான முரணாகப் பார்க்கவில்லை. விலக்கப்பட்ட கருவியிடம் செவ்வியல் இலக்கணம் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பில்லாத இடத்தில் விரல்களுக்குச் சுதந்திரம் இருந்தது.

6. சென்னையில் கற்றதும் முன்பே கையில் இருந்ததும்

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அறுபதுகளின் இறுதியில் சென்னைக்கு வந்த இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் எழுத்துமுறையும் சுரக்கூட்டு இலக்கணமும் படித்தார். கிட்டார் பயின்றார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். வங்க இசையமைப்பாளர் சலில் சௌத்ரிக்கு கிட்டார் வாசித்தார். 1976-ல் ‘அன்னக்கிளி’ படத்தில் நாட்டுப்புற மெட்டுக்கு அடியில் கேட்ட சுரக்கூட்டு இந்தப் படிப்பின் விளைவு, அதற்கு முன் மலையில் வாசித்ததில் தேட எதுவுமில்லை என்பது மறுப்பு.

படிப்பின் பங்கை நான் குறைக்கவில்லை. மூன்று விரல் வைத்து எழுப்பும் ஒலிக்கும், நாற்பது வயலின்காரர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுக்கும் இசைக்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. அதைத் தன்ராஜ் மாஸ்டர் இல்லாமல் கடந்திருக்க முடியாது. என் ஐயம் வேறொரு இடத்தில். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. மேற்கத்தியச் சுரக்கூட்டுத் தமிழ் சினிமாவுக்குப் புதிதும் அல்ல. ஆனால் அது பெரும்பாலும் கிளப் பாட்டு, காதல் பாட்டு, மேல்நாட்டு நடனம் ஆகியவற்றின் உடையாகவே வந்தது. கிராமத்து மெட்டு வரும்போது சுரக்கூட்டு ஒதுங்கி நிற்கும். தெம்மாங்கும் சுரக்கூட்டும் ஒன்றோடொன்று ஒட்டாதவை என்ற எண்ணம் இளையராஜாவிடம் ஏன் இல்லை? அவர் விரல்கள் சிறுவயதிலிருந்து அவ்விரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தே பழகியவை என்பதுதான் எனக்கு நம்பத்தக்க விடையாகப் படுகிறது. தன்ராஜ் மாஸ்டர் கொடுத்தது இலக்கணம். பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

சலில் சௌத்ரியின் பெயர் இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. அவரும் இடதுசாரி மேடையிலிருந்து வந்தவர். வங்கத்து விவசாயிகளின் போராட்டங்களுக்கும் இப்டா (இந்திய மக்கள் நாடக மன்றம்) அமைப்புக்கும் பாட்டமைத்தவர், நாட்டுப்புற மெட்டைச் சேர்ந்திசையாகப் பாட வைத்தவர், பம்பாய் யூத் கொயரை உருவாக்கியவர். மேடையில் பலர் சேர்ந்து பாடும்போது குரல்களை மேலும் கீழுமாகப் பிரிக்க வேண்டிய தேவை தானே வரும். வங்கத்திலும் ஏலமலையிலும் சுரக்கூட்டு நாட்டுப்பாட்டுக்குள் நுழைந்த வாசல் கட்சி மேடையாக இருந்திருக்கிறது. மற்றொரு வாசல் தேவாலயம். மதுரையின் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, கிராமியப் பாட்டைத் தலித் விடுதலையின் மொழியாக்கியதை ஜோயி ஷெரினியன் 2014-ல் நூலாக எழுதியிருக்கிறார். அப்பாவு அழுத்தமாகச் சொன்ன ஒன்று: பாட்டு எளிதாக இருந்தால்தான் ஏழைகள் அதை எடுத்து மாற்றிக்கொள்ள முடியும். அதைக் கருவிக்கும் பொருத்திப் பார்க்கலாம். எளிய கருவியை யாரும் கையில் எடுக்கலாம், ஆகவே யாரும் அதன் வேலையை மாற்றலாம். இளையராஜாவின் இசையைப் பண்பாட்டு அரசியலாக வாசித்த பிரேம்–ரமேஷின் நூலும் இந்தத் திசையில் பேசுகிறது. எனினும் அங்கே கவனம் முழுவதும் படைப்பாளி மீதே. பெட்டியும் பாவலரும் பின்னணிக்குப் போய்விடுகிறார்கள்.

7. பெட்டி விட்டுவிட்டவை

ஆர்மோனியத்தின் பக்கம் நின்று பேசும்போது அது செய்த இழப்பையும் சொல்லியாக வேண்டும். ஒப்பாரியின் விம்மல் இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கி இறங்கும் இடத்தில் இருக்கிறது. பெட்டியில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. தாலாட்டின் இழுவையும் அப்படித்தான். கும்மி, தெம்மாங்கு, நடைப்பாட்டு ஆகியவை படிப்படியாக ஏறி இறங்குபவை, தாளத்தில் நிற்பவை. அவை பெட்டியோடு ஒத்துப்போயின. கட்சி மேடை எந்த நாட்டுப்பாட்டை எடுத்தது, எதை விட்டது என்பதில் கருத்தியலுக்குப் பங்கிருந்தது போலவே கருவிக்கும் பங்கிருந்தது. பெண்கள் பாடும் பாட்டுகளே அதிகமும் விடுபட்டன என்பது என்னை உறுத்துகிறது. தோட்டத்தில் தேயிலை கிள்ளியவர்களும் ஏலக்காய் எடுத்தவர்களும் அவர்கள்தான்.

சினிமாவில் இளையராஜா செய்ததை இந்தக் கோணத்தில் திரும்பக் கேட்கலாம். அசையாத சுரக்கூட்டை கிட்டாருக்கும் தந்திகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, வழுக்கும் இடங்களைப் புல்லாங்குழலிடமும் எஸ். ஜானகியின் குரலிடமும் ஒப்படைக்கிறார். பெட்டி ஒன்றால் முடியாததை வேலைப் பிரிவினையால் முடிக்கிறார். ‘அன்னக்கிளி’க்கு மூன்றாண்டு முன்பு, 1973-ல் பாவலர் இறந்துபோனார். தம்பிகள் தங்கள் படநிறுவனத்துக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள்; ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) அந்தப் பெயரில் வந்த படம்.

இந்த வாசிப்பைச் சோதிக்க வேறு விரல்களையும் பார்க்க வேண்டும். பாவலர் குழுவில் நடந்தது ஒரு குடும்பத்தின் தனிக்கதையா, அல்லது தனியாக மேடையைத் தாங்க வேண்டியிருந்த எல்லா ஆர்மோனியக்காரரிடமும் நிகழ்ந்த மாற்றமா என்பது அப்போதுதான் தெளிவாகும். மதுரை, தேனி வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகத்துக்கு விடியவிடியப் பெட்டி வாசித்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடிகர் வசனம் பேசும் நேரத்தில் அவர்கள் வலக்கை எந்தச் சுரங்களைச் சேர்த்துப் பிடித்து நிற்கிறது, பாட்டு தொடங்கியதும் எந்த விரலை முதலில் விடுவிக்கிறது என்பதை அருகில் உட்கார்ந்து பதிவுசெய்ய வேண்டும். ஆட்டோஹார்ப் வாசித்த மலைவாசிகளிடம் மைக் சீகர் அதைச் செய்தார். இங்கே அந்த வேலை இன்னும் தொடங்க வேண்டிய நிலையில் இருக்கிறது. வாசிப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருப்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது.